வெள்ளிக்கிழமை காணாமல் போகும் நாற்பதாயிரம் பேர்

ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் காணாமல் போனார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. பெற்றவள் ஒருத்தியும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. ஆறு வாரமாக இதே கூத்து நடந்தும் ஊரில் ஒரு நாய் குரைக்கவில்லை.

கண்டுபிடித்தவள் நிர்மலா. ஓசூர் ராயக்கோட்டை சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில், துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டி ஐந்து வருடமாக உட்கார்ந்திருப்பவள். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. ஆயிரம் திருகாணி சரியாக ஓடி வரும்போது ஒரே ஒரு கோணல் திருகாணியைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்ட கண் அது. அந்தக் கண்ணுக்கு இன்றைக்கும் ஓய்வு கிடையாது.

அவளுக்குத் துணையாள் திம்மராயன். அதே தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்று, வெளியே போகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தே காலம் தள்ளியவர். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் வாய்க்குப் பதினாறு.

அன்றைக்கு வியாழக்கிழமை, மத்தியானம். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் சுமலதா. பிளாஸ்டிக் பிளக் வார்க்கும் சின்னப் பட்டறைக்காரி. கையில் ஒரு கட்டுத் தாள்.

விஷயம் இதுதான், சுருக்கமாகக் கேளுங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றுகிற பிளக்கில் இப்போது இரண்டு வகை. ஒன்று ஆறு பின், இன்னொன்று பத்து பின். ஒன்றின் வாயில் மற்றது நுழையாது. எந்த வகை நாளைக்கு நாடு முழுக்க நிலைக்கும், எது குப்பைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஓசூர்ப் பக்கத்துச் சிறுபட்டறைக்காரர்கள் முப்பது பேர் சேர்ந்த சங்கம், சனிக்கிழமை கூடி ஏதாவது ஒன்றுக்குக் கை தூக்கப் போகிறது. அதற்கப்புறம் எல்லாரும் அந்த வகைக்கு இரும்பில் அச்சு வெட்டுவார்கள்.

சுமலதாவிடம் ஆறு பின் அச்சு ஒன்று இருக்கிறது. இன்னோர் அச்சு வெட்ட அவளுக்குத் தெம்பில்லை. பத்து பின் ஜெயித்தால் பட்டறைக்குப் பூட்டு. இருபத்திரண்டு பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“எப்படி முடிவு பண்றாங்க?” நிர்மலா கேட்டாள்.

“வெப்சைட்டை வச்சு மேடம். ரெண்டு பிளக்குக்கும் தனித்தனியா வெப்சைட் இருக்குது. எத்தனை பேர் வந்து பார்க்கறாங்கன்னு அடியிலயே நம்பர் ஓடும். சங்கத்துக்கு ஆலோசனை சொல்றவர் அன்புமணின்னு ஒருத்தர். பத்து பின்னுக்கு ஏழு மடங்கு கூட்டம் வருது, ஜனங்க மனசு அங்கதான் இருக்குதுன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாரு.”

“தேர்த் திருவிழாவுக்குக் கூட கூட்டம் வருது. வந்தவன் எல்லாம் தேர் வாங்கிட்டா போறான்?” என்றார் திம்மராயன்.

சுமலதா சிரிக்கவில்லை. தாள்களை மேஜைமேல் பரப்பினாள். உற்பத்தி எழுதுகிற தாளின் முதுகில், ஆறு வாரமாகத் தினமும் இரண்டு வெப்சைட்டுக்கும் வந்தவர்களின் எண்ணிக்கை. தூக்கம் கெட்டவளின் கையெழுத்து.

“முன்னாடியே சொல்லிடறேன்,” என்றாள் நிர்மலா. “ஆறு பின்னுதான் ஒசத்தின்னு எழுதித் தரணும்னு வந்திருந்தா, வேற ஆளைப் பாருங்க.”

“பத்து பின்னுதான் நெசம்னா அதையே சொல்லிடுங்க மேடம். அழுதுட்டுப் பூட்டிடறன். ரெண்டுல எதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு கெடக்கறதுதான் தாங்கல.”

நிர்மலா விரலை வைத்து வரிசையாக இறக்கினாள். பத்து பின்: நாற்பத்தோராயிரம், நாற்பதாயிரம், நாற்பத்திரண்டாயிரம், முந்நூறு. விரல் நின்றது. மறுபடி நாற்பதாயிரம், நாற்பத்தோராயிரம். ஆறு நாள் தாண்டி மறுபடி இருநூற்றெண்பது.

“இந்த முந்நூறு?”

“வெள்ளிக்கிழமைங்க மேடம். அன்னைக்கு மட்டும் அவங்க நம்பர் எறங்கிடும். ஏன்னு அன்புமணி சாரைக் கேட்டன். சர்வர் கோளாறுன்னாரு.”

“ஆறு வாரமும் வெள்ளிக்கிழமை பார்த்தா கோளாறு வருது? ஆறு பின்னுக்கு வெள்ளிக்கிழமை எவ்வளவு?”

“எப்பவும் போல ஆறாயிரத்துச் சில்லறை.”

“இந்தியா முழுக்க வெள்ளிக்கிழமையானா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்குது போல,” என்றார் திம்மராயன். “ஈரக் கையோட பிளக்கைத் தொடக்கூடாதுல்ல.”

“மெஷின் வச்சு ஓட்டறாங்களோ?” சுமலதா கேட்டாள்.

“மெஷினுக்குக் கிழமை தெரியாதும்மா. ஆளுங்கதான். காலையில ஒன்பது மணிக்கு ஏறுது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறங்குதுன்னு நீங்களே ஓரத்துல எழுதி வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்து, வெள்ளிக்கிழமை லீவு போடறாங்க. அது யாரு?” நிர்மலா திம்மராயனைப் பார்த்தாள். “சங்கத்து ஓட்டுக்காகத்தான் இந்தக் கூத்துன்னா ஆளுங்க தூரத்துல இல்ல. நம்ம பக்கத்துல வெள்ளிக்கிழமை கூப்பிட்டா கூலிக்கு வராத ஊரு எது திம்மண்ணா?”

திம்மராயன், அபூர்வமாக, கேலி பண்ணாமல் விரல்விட்டு ஊர்களை எண்ணினார்.

“குந்தாரப்பள்ளி சந்தை,” என்றார். “சுத்துப்பட்டுல ஒரு பொம்பளையும் வர மாட்டா. தக்காளி செடியிலயே அழுகினாலும் சரி. நெலத்துக்காரன் கூப்பிடவே மாட்டான், கூப்பிட்டா அவனுக்குத்தான் மானம் போகும்.” பிறகு வாய் பழைய நிலைக்கு வந்தது. “ஆக, நாப்பதாயிரம் பேரும் ஆடு பிடிக்கப் போயிருக்காங்க!”

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுச் சாணியும் புழுதியும் போண்டா எண்ணெயும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. ஆட்டுக்காரர்கள் தமிழில் விலை சொல்லித் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் சமாதானம் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

“இத்தனை ஜனத்துல யாரைத் தேடறது?” என்றார் திம்மராயன்.

“கையைப் பாருங்க.”

“என்னாத்துக்கு?”

“நாப்பதாயிரம் தடவை ஒரு வெப்சைட்டைத் திறந்து, தள்ளி, மூடணும்னா எந்த விரல் தேயும்?”

திம்மராயன் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். “சந்தையில நின்னு பொம்பளைங்க கையை மொறைச்சுப் பார்த்தா எனக்கு எலும்பு மிஞ்சாது. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வந்து பொணத்தைப் பொறுக்கிக்கிறேன்.”

நிர்மலா கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தக்காளி பறித்த கைகள்தான் எங்கும். செடியின் பச்சைக் கறை ஏறி, விரல் இடுக்கெல்லாம் கறுத்த கைகள். எத்தனை சோப்புப் போட்டாலும் ஒரு வாரம் போகாத கறை அது. ஆட்டுச் சந்தை ஓரத்தில் ஒரு கை மட்டும் கறையில்லாமல் வெளுத்திருந்தது. ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. குட்டியின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரலில் மருந்துப் பட்டி. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கும் வலது கட்டைவிரலில் பட்டி. அவளுக்குப் பின்னால் போண்டா தின்றுகொண்டிருந்தவளுக்கும்.

“அக்கா, விரலுக்கு என்னாச்சு?” நிர்மலா கேட்டாள்.

“அடுப்புல சுட்டுக்கிச்சு.”

“மூணு பேருக்கும் ஒரே விரலா?”

போண்டா தின்றவளுக்குப் புரையேறிவிட்டது. “சொல்லிடு கெம்பக்கா, இவங்க என்ன மேஸ்திரியா!”

“சும்மா இருடி செல்லி,” என்று அதட்டினாள் குட்டியின் வாயைப் பிடித்திருந்தவள். அவள்தான் கெம்பம்மா.

அரை மணி நேரம், நாலு போண்டா, ஓர் ஆட்டுக்குட்டி பேரம். அந்தப் பேரத்தில் கெம்பம்மாவுக்குச் சாதகமாகத் திம்மராயன் புகுந்து, ஆட்டுக்காரனைத் தெலுங்கில் அழ வைத்தார். அதற்கப்புறம் கெம்பம்மாவுக்கு மனசு இளகியது. பெருமையை அடக்கவும் முடியவில்லை.

“கம்ப்யூட்டர் வேலைம்மா,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “அஞ்சாவது தாண்டாதவ நானு. குந்தினு செய்யற வேலை, வெயில் இல்ல. வெளிய சொல்லக்கூடாதுன்னு மேஸ்திரி கற்பூரம் அணைச்சு சத்தியம் வாங்கிட்டான். எம் பொண்ணுகிட்டயே சொல்லல.”

“பொண்ணு என்ன பண்றா?”

“சுவேதா. ஓசூர்ல வேலை. பிளக்கு செய்யற பட்டறை. மொதலாளியம்மா தங்கமானவங்களாம், சுமலதான்னு பேரு.”

நிர்மலாவின் கையில் இருந்த போண்டா வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

*

ஷெட் சந்தையிலிருந்து இரண்டு மைல். கறிக்கோழி வளர்த்த ஷெட். கோழி போய்விட்டது, நாற்றம் போகவில்லை. பக்கவாட்டில் கம்பிவலை. சந்தை நாளானதால் உள்ளே ஈ காக்கை இல்லை. கெம்பம்மா தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தாள்.

உள்ளே நீளமான பலகைகள். ஒரு பலகைக்கு இருபது செல்போன், சாய்த்து நிறுத்திப் பட்டி போட்டு ஒட்டியிருந்தார்கள். கோழிக்குத் தீனி வைத்த இடத்தில் சார்ஜ் ஒயர்கள் குடல் மாதிரி தொங்கின. இருபத்தாறு பலகை. ஐந்நூற்று இருபது போன். காய்ந்த கோழி எச்சமும் சூடேறின பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. நிர்மலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இங்க எத்தனை நேரம் உட்கார்றீங்க?”

“ஒன்பதுல இருந்து அஞ்சு. தண்ணி கொண்டாரக் கூடாது, போன் மேல ஊத்திடுமாம். ஒதுங்கப் போனாக்கூட மேஸ்திரி விசில் அடிச்சு எண்ணுவான்.” கெம்பம்மா காற்றிலேயே விரலை ஆட்டிக் காட்டினாள். “தொறக்கணும். கீழ வரைக்கும் தள்ளணும். பத்து எண்ணணும். இன்னொரு பக்கம் போவணும், அப்படியே தொறந்து வுட்டுடணும். அடுத்த போன். இருபதாவது முடிஞ்சா மொதல் போனை மூடித் தொறந்து மறுபடி ஆரம்பிக்கணும்.”

“அதுல என்ன எழுதியிருக்கும்?”

“இங்கிலீசு. ஒரு பிளக்கு படம் போட்டிருக்கும். கவர்மெண்ட்டு கணக்கெடுப்பாம். எங்களுக்கு என்னா தெரியும்?”

“ஷெட்டு யாரோடது?”

“மேஸ்திரிக்கு மேல ஒருத்தர் வருவாரு. சட்டை கசங்காது. மூக்கைக் கைக்குட்டையில பிடிச்சுக்கினு வாசப்படியிலயே நின்னு பார்த்துட்டுப் போயிடுவாரு. அன்புமணி சார்.”

திம்மராயன் சீட்டியடித்தார். “ஜனங்க மனசை அளந்தவர்! ஆலோசனையும் அவரே, ஜனமும் அவரே. பத்து பின்காரங்க எலும்பு எவ்வளவு பெருசா போட்டாங்களோ.”

நிர்மலா கெம்பம்மாவிடம் மறைக்கவில்லை. அந்தப் பிளக் படம் எதற்கு, விரல் தள்ளத் தள்ள எந்த எண் ஏறுகிறது, அது ஏறினால் நாளைக்கு எந்தப் பட்டறைக்குப் பூட்டு விழும், எல்லாவற்றையும் சொன்னாள். கெம்பம்மா பட்டி ஒட்டிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி அவள் புடவையைச் சப்பிக்கொண்டிருந்தது.

பிறகு வெடித்தாள். “ஏம்மா, நல்லாருக்கா நீ பண்றது? இத்தனை நாளா தெரியாம செஞ்சுக்கினு இருந்தன், நிம்மதியா இருந்தன். இப்ப சொல்லிட்டு நீ ஸ்கூட்டர்ல போயிடுவ. இருபத்தாறு பேரு சோத்துல மண்ணைப் போடறியா? போடலைன்னா எம் பொண்ணு சோத்துல விழுது. நான் எதைத் தின்றது?”

நிர்மலாவுக்கு அருவருப்பு இப்போது நாற்றத்தால் வந்ததில்லை. அன்புமணி ஒரு தாயின் விரலை எடுத்து அவள் மகளின் வேலையையே அழிக்க வைத்திருக்கிறான். அதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

“வேலையை விட வேணாம்க்கா,” என்றாள் மெதுவாக. “நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் போன் பண்ணுவேன். எல்லாரும் ஒரு அரை மணி நேரம் போனையெல்லாம் மூடிட்டு எழுந்து வெளிய வந்துடுங்க. அவ்வளவுதான்.”

“மேஸ்திரி தோலை உரிச்சிடுவான்.”

“சந்தை போண்டா இருக்குதே,” என்றார் திம்மராயன். “இருபத்தாறு பேருக்கும் ஒரே நேரத்துல வயித்தைக் கலக்கினா அவன் எங்க நின்னு விசில் அடிப்பான்?”

செல்லி என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கெம்பம்மா சிரிக்கவில்லை. பட்டி ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்தாள், ஏதோ ஒட்டியிருப்பது போல. “பார்க்கலாம்,” என்றாள்.

*

சனிக்கிழமை காலை. சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில் முப்பது பட்டறைக்காரர்கள். கீழே பிரியாணி அண்டாவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம். கை தூக்கி முடித்ததும் சாப்பாடு என்பதால் எல்லாருக்கும் அவசரம்.

மேடையில் திரை. அதில் இரண்டு எண்கள் பெரிதாக. பத்து பின்னை இந்த நொடி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் 539. ஆறு பின்னை 34.

“நான் பேச வேண்டியதே இல்ல,” என்றார் அன்புமணி. கசங்காத சட்டை, பூப்போன்ற குரல். “ஜனங்க பேசறாங்க. பாருங்க, உங்க கண் முன்னாடி பேசறாங்க.”

தலைவர் முனிவேல் தலையாட்டினார். “கண்ணுக்கு எதிர்ல இருக்குதுப்பா. அப்புறம் என்ன?”

சுமலதாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அவளோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நிர்மலா எழுந்தாள்.

“அந்த ஜனங்களைக் கொஞ்ச நேரம் எழுந்துக்கச் சொல்லட்டுங்களா?”

எல்லாரும் திரும்பினார்கள். அவள் போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கெம்பம்மா எடுக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். மணி நின்றே போய்விட்டது.

“யாரும்மா நீங்க?” என்றார் அன்புமணி, இன்னும் பூவாகவே.

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையில் 539 என்பது 498 ஆனது. பிறகு 410. யாரோ “ஏய்” என்றார்கள். 263. 120. 44. 19. அங்கேயே நின்றது. பக்கத்தில் ஆறு பின்னின் 34 அசையவில்லை.

“பத்தொன்பதா!” என்றார் திம்மராயன் உரக்க. “அதுல பாதிப் பேர் இந்த ஹால்லயே இருக்கீங்க. வெப்சைட்டைப் பார்க்கிற மொதலாளிங்கெல்லாம் தயவு செஞ்சு மூடுங்கப்பா.”

நாற்காலிகளுக்கு நடுவில் போன்கள் பைக்குள் போயின. 19 என்பது 2 ஆனது.

நிர்மலா எல்லாவற்றையும் சொன்னாள். கோழி ஷெட், பலகைகள், விசில், வெள்ளிக்கிழமை, சந்தை. “வெள்ளிக்கிழமை வர்ற முந்நூறுதான் நெசம். மத்த ஆறு நாளும் நீங்க எண்ணிக்கிட்டு இருந்தது இருபத்தாறு பொம்பளைங்களோட கட்டைவிரலை.”

அன்புமணியின் குரலில் பூ வாடவில்லை. “எல்லா வெப்சைட்டுலயும் இப்படித்தாங்க செய்யறாங்க,” என்றார். “இதுக்குப் பேரு விளம்பரம்.”

அடிதடி வரும் என்று நிர்மலா எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் ஒரு நாற்காலியாவது பறக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் பறக்கவில்லை. முனிவேல் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“இருபத்தாறு பொம்பளைங்கதானா?” என்றார் கடைசியில். “அவ்வளவு பேரை வச்சே இவ்வளவு நம்பர் வருதா?”

“ஆமாங்க.”

“அப்ப பெங்களூர்க்காரன், சென்னைக்காரன் எல்லாம் இதே நம்பரைத்தான பார்ப்பான்? அவனுக்கு ஷெட்டு தெரியாது. அவன் பத்து பின்னுதான் பெருசுன்னு நெனைச்சுக்கிவான். நெனைச்சுக்கினா வாங்குவான்.” ஹாலைச் சுற்றிப் பார்த்தார். “நாம ஏன்ப்பா மாறணும்?”

ஒருவர் மெல்லத் தலையாட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். மூன்றாம் வரிசைக்காரர் எழுந்து நிர்மலாவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “அந்த மேஸ்திரி நம்பர் கெடைக்குங்களா? நம்ம கம்பெனி வெப்சைட்டும் ஒண்ணு இருக்குது.”

நிர்மலா அவரைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் ரிஜெக்ட் பொறுக்கினவள். ஒரு தொட்டி முழுக்க ரிஜெக்டாகவே வந்தால் எதைப் பொறுக்குவது?

சுமலதா அவள் கையைத் தொட்டாள். அவள் கண் திரையில் ஆறு பின் பக்கத்தில் இருந்தது. “மேடம், அந்த முப்பத்துநாலு பேர்? அவங்களாவது நெசமா? அவங்க எதைப் பார்க்கறாங்க?”

“நெசந்தாம்மா. எந்தப் பக்கத்தைப் பார்க்கறாங்கன்னு அடியில போட்டிருக்கு, படிச்சேன்.” நிர்மலா ஒரு கணம் தயங்கினாள். எது உண்மையோ அதைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தவள். “முப்பது பேரு ஒரே பக்கத்துல இருக்காங்க. பிளக் மாட்டிக்கிட்டு வெளிய வரலைன்னா என்ன செய்யறதுங்கற பக்கம்.”

முன்வரிசையில் கெக்கலி. “பார்த்தியாம்மா, உன் பிளக்கைத் திட்டறதுக்குத்தான் அத்தனை பேரும் வந்திருக்கான்!”

சுமலதாவின் முகம் சிவந்தது. கைப்பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்தாள். பூட்டுகிற நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“நாக்கு மெல்லிசு,” என்றாள் தனக்குத்தானே. “சாயுது. சாஞ்சாதான் மாட்டிக்குது.” பிறகு ஹாலைப் பார்த்து, குரல் நடுங்காமல் சொன்னாள்: “திட்டறவங்க கையில என் பிளக்கு இருக்குதுங்க. உங்க பத்து பின்னைப் பார்க்கற அந்த ரெண்டு பேர் கையில என்ன இருக்குது? நான் ஆறு பின்னுதான். அச்சுல நாக்கு எடத்தைக் கொஞ்சம் தேய்ச்சா தடிமன் வந்துடும், இன்னைக்கே கழட்டறன். நீங்க கை தூக்கிக்குங்க.”

செருப்பு மாட்டக்கூட நின்று நிதானிக்காமல் படியிறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து நிர்மலாவின் போன் அடித்தது. கெம்பம்மா.

“எழுந்துட்டோம்மா. போன் எடுத்தா மேஸ்திரி பார்த்துடுவான்னுதான் எடுக்கல. எல்லாரும் வேலியோரம் குந்தினு இருக்கோம். எம் பொண்ணு வேலை?”

“ஒண்ணும் ஆகலக்கா. சுமலதாம்மா பட்டறை நடக்கும். சுவேதாவுக்குப் பயமில்ல.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்ப நாங்க உள்ள போய் உக்காரவா? மேஸ்திரி கத்தறான். இன்னைக்குக் கூலியை நிறுத்திடுவானாம்.”

ஹால் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முனிவேல் ‘சரி சரி, உட்காரச் சொல்லு’ என்பது போலக் கையை அமர்த்திக் காட்டினார். அந்தக் கையை நிர்மலா பார்க்க விரும்பவில்லை.

“உங்க இஷ்டம்க்கா,” என்று போனை வைத்தாள்.

திரையில் 2 என்பது 9 ஆனது. 40 ஆனது. 170, 300, 420. எண் ஏற ஏற, ஹாலில் இருந்தவர்களின் முகத்தில் தெளிவு வந்தது. அத்தனை பேருக்கும் தெரியும் அது யாருடைய விரல் என்று. தெரிந்தும் மனசு ஆறியது. 500ஐத் தாண்டியபோது ஒருவர் கைகூடத் தட்டினார். இருபத்தொன்பது கைகள் பத்து பின்னுக்கு உயர்ந்தன. கீழே பிரியாணி அண்டாவை நிரந்தரமாகத் திறந்தார்கள்.

நிர்மலா சாப்பிடாமல் இறங்கினாள். அந்த மசாலா வாசனையில் கோழி ஷெட்டின் வாடை அடித்தது அவளுக்கு. தெருவுக்கு வந்து ஓரமாகத் துப்பினாள்.

பின்னாலேயே வந்தார் திம்மராயன், கையில் பொட்டலம் இல்லாமல். அவரும் சாப்பிடவில்லை.

“இருபத்தொன்பது பட்டறை நிர்மலாம்மா,” என்றார். “இரும்பை வெட்டி, அச்சுப் போட்டு, ரெண்டே ரெண்டு ஆளுக்கு பிளக்கு செய்யப் போறாங்க. அதுல ஒண்ணு அன்புமணியோட லேப்டாப்பு. மேடை மேல தொறந்தே வச்சிருந்தான், நான் பார்த்தன். இன்னொண்ணு யாருன்னு கண்டுபிடிக்கட்டுமா?”

“வேணாம்ண்ணா,” என்றாள் நிர்மலா, ஸ்கூட்டரை நோக்கி நடந்தபடியே. “பத்து பின்னுல நெசமான ஆளுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்.”